சர்க்கரைக் கூடையின் சிவப்புக் கிண்ணம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படி. சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை போய் இருபத்து மூன்று நாளாகிறது. ஒன்பது வருஷமாக ‘அந்த லாரிக்காரன்’ என்றே சொல்லிவந்தவன் நான். இன்றைக்குத்தான் மாப்பிள்ளை என்று எழுதுகிறேன்.

செய்தி வந்ததும் உன் அம்மாவோடு நானும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். புறப்படும் நேரத்தில் இறங்கிவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் வாசலில் நிற்பது? உன் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, உங்கள் சாமான்களையே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நான் சமைப்பதை நானே சாப்பிடுகிறேன், அந்தத் தண்டனையும் நடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. உன் வீட்டில் மாடிப்படி அதிகமாமே, அடிக்கடி ஏற விடாதே.

என் பைத்தியம் உனக்குத் தெரியும். ஊரில் எவன் வீட்டுப் பரணில் பழைய இங்கிலாந்து வெள்ளி முலாம் சாமான் கிடந்தாலும் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். வெள்ளிக்குள்ளே எதற்கப்பா கண்ணாடி என்று சின்ன வயதில் கேட்பாய். உப்பு வெள்ளியை அரித்துவிடும், அதனால் உப்புச் சாடிக்குள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம், மேஜையில் சர்க்கரை வைக்கிற வெள்ளிக் கூடைக்குள்ளே சிவப்பு என்பேன். உள்பாவாடை மாதிரியா என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கினாய். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தச் சிவப்புக் கிண்ணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீ அவரை முதன்முதலாக நம் வீட்டுக்கு அழைத்துவந்த நாள். ஆசை ஆசையாய் அதில் சர்க்கரை நிரப்பி டீயோடு வைத்தாய். அவர் கரண்டியை உள்ளே விட்டார். டிக்கென்று ஒரு சத்தம், கிண்ணம் இரண்டாய்ப் போனது. ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எங்கே பழக்கம் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் துண்டுகளைப் பொறுக்கித் தன் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு, விரலில் ரத்தத்தோடு, மன்னிச்சுக்குங்க ஐயா என்று சொல்லிவிட்டு எழுந்தார். டீயை வாயில்கூட வைக்கவில்லை. அவர் பின்னாலேயே நீயும் போனாய்.

அம்மாடி, அதை உடைத்தது அவர் கை இல்லை. நான்தான்.

அதற்கு முந்தின வாரம் அந்தக் கிண்ணம் கூடைக்குள் லேசாக ஆடுகிறதே என்று அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்துப் பதித்தேன். கையோடு இரண்டு நீல உப்புக் கிண்ணங்களுக்கும் அதே வைத்தியம் செய்தேன். நீ போன ஆறாம் மாதம் அலமாரியைத் திறக்கிறேன், இரண்டு நீலமும் விரிசல் விட்டிருக்கின்றன. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஒரு ஈ காக்கை தொடவில்லை. பிளாஸ்டர் இறுகும்போது உப்பிக் கண்ணாடியை நெருக்கியிருக்கிறது. சிவப்பும் அன்றே உள்ளுக்குள் தெறித்துத்தான் இருந்திருக்கும், கரண்டி ஒரு சாக்கு. அலமாரி முன்னால் நின்றபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. ரோஷம் என்ன ரோஷம், வெட்கம். உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைத்தேன்.

அடுத்த வருஷம் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உனக்குத் தெரிந்து அனுப்பினாரோ தெரியாமலோ. முப்பது வருஷம் தபால் ஆபீஸில் ஊரார் பார்சலுக்கெல்லாம் முத்திரை குத்தியவன், எனக்கு வந்ததைப் பிரிக்கத் துணியாமல் பரணில் போட்டேன். போன வாரம்தான் இறக்கினேன். பழைய சட்டையில் சுற்றி ஒரு சிவப்புக் கிண்ணம். கூடவே அதே கைக்குட்டையில் அதே துண்டுகள். ஒரு சீட்டும் இருந்தது. ‘ஐயா, லோடு இறக்கப் போன ஒரு ஊரில் கிடைத்தது. துண்டை வைத்து நிறம் பார்த்துத்தான் வாங்கினேன். அளவு மட்டும் குத்துமதிப்பு. அன்று என் கை பட்டு உடைந்ததற்கு மன்னிக்கவும்.’

தன் கைதான் உடைத்தது என்று நம்பிக்கொண்டே அந்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியவன் இங்கே முலாம் துடைத்துக்கொண்டிருந்தேன். இதை நான் எங்கே போய்ச் சொல்வேன், யாரிடம் சொல்வேன்? உன்னிடம்தான் சொல்ல முடியும். படித்துவிட்டு நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும்.

கிண்ணத்தைக் கூடையில் வைத்துப் பார்த்தேன். நூலளவு சிறியது. தூக்கினால் கடகடவென்று ஆடுகிறது. ஆடட்டும். இனி பிளாஸ்டர் டப்பாவைத் தொட மாட்டேன். சர்க்கரை நிரப்பி மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

அவர் குடிக்காமல் போன டீயை நீயாவது வந்து குடி. வர மனமில்லையென்றால், வா என்று எனக்கு ஒரு வரி எழுது. இந்தத் தடவை பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

உன்
அப்பா