சுவர் சுவிட்சும் கோடு விழுந்த மணமகளும்

வியாழன், வெள்ளவத்தை

சித்தப்பாவின் ஸ்டுடியோவில் இன்றும் கல்யாணப் படங்கள் எல்லாம் கோடு கோடாக வந்தன. மணமகளுக்கு வரிக்குதிரை முகம். ஆல்பம் நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

"நீதானேடி பிரிண்டருக்கு ஏதோ செய்தனீ?" என்று ஆட்கள் முன்னாலேயே கத்தினார். போன மாதம் அவர் படத்துக்குக் கொம்பு வைத்து அச்சடித்தது நான்தான். இது நான் இல்லை.

"ஓம் சித்தப்பா, ஸ்கேல் வச்சுக் கோடு கீறினனான்."

"இனி உள்ளுக்குக் கால் வைக்காதை!"

காரணம் எனக்குத் தெரியும். கரண்ட் பில்லுக்குப் பயந்து, பிரிண்டரின் பட்டனைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணைக்கிறார். மை தெளிக்கும் ஹெட் மூடாமல் நின்று, மை காய்ந்து அடைத்துப் படத்தில் கோடு விழுகிறது. மன்னிப்புக் கேட்கட்டும், சொல்கிறேன்.

கடை பூட்டும்போதும் சுவரில்தான் அணைத்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மணமகள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்?