மாதாவின் வயிற்றுக்கு நேரே ஒரு செங்கல்

ஜூன் 4, 1944, ஞாயிறு
பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் போனேன். சுவரோவியத்தில் கர்ப்பிணி மாதா, நீல அங்கியின் பிளவில் கை வைத்து நிற்கிறாள். நானும் என் வயிற்றில் கை வைத்து நின்றேன். இந்த ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் செய்வதுதான். போன தடவை பனி வழியை அடைத்துவிட்டது, போக முடியவில்லை. பிள்ளை அழாமலே பிறந்தது.

ஜூன் 19
தெற்கே பீரங்கிச் சத்தம். பசு பால் கறக்க விடவில்லை.

ஜூன் 27
காரில் இரண்டு பேர் வந்து மாதாவை அளந்தார்கள். பளபளக்கும் பூட்ஸ். ஜெர்மன்காரர்கள் திருட வந்துவிட்டார்கள் என்று மாமியார் ஒட்டாவியா மணியை அடித்தார். ஊரே மண்வெட்டியோடு ஓடியது. நானும் கல்லெறிந்தேன். ஒருவர் நெற்றி கிழிந்த பிறகுதான் தெரிந்தது, பிளாரன்ஸ் நகரத்து ஆட்களாம், நம் இத்தாலிக்காரர்கள்தான். குண்டு விழுமுன் ஓவியத்தைப் பெயர்த்துப் பத்திரப்படுத்த வந்தவர்கள். ஓவியர் பியரோ இதை எழுதி ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது, உலகத்தில் இப்படி இன்னொன்று இல்லை என்று ரத்தத்தைத் துடைத்தபடியே சொன்னார்.

“அவனப் பெத்தவ இந்த ஊர்க்காரி. எங்க வீட்டுப் பிள்ளை எழுதுனத எங்களயே கேக்காம தூக்கிட்டுப் போவீங்களா?” என்றார் அத்தை.

வெறுங்கையோடு போய்விட்டார்கள்.

ஜூன் 28
கொடுத்திருந்தால் என் பிள்ளைக்கு யார் காவல்? வைத்துக்கொண்டோமே, ஒரு குண்டு போதாதா? அவளும் போய், இதுவும் போய் — பயமா இருக்கு. மாதாவே, ரொம்பப் பயமா இருக்கு.

ஜூலை 2
என் கணவர் செத்திமியோ கொத்தனார். மாதாவை மறைத்துச் செங்கல் சுவர் எழுப்பினார். முகம் மறைந்ததும் அழுதுவிட்டேன். இனி யாரைப் பார்த்து நிற்பேன் என்று கேட்டேன். மாதாவின் வயிற்றுக்கு நேரே ஒரு செங்கல்லைத் தொட்டுக் காட்டினார். அதற்கு மட்டும் காரை பூசவில்லை.

“உருவுனா கை போவும். யாருகிட்டயும் சொல்லாத.”

ஜூலை 21
கல்லறைத் தோட்டத்தில் குண்டு விழுந்தது. ஓடினேன். சுவர் நிற்கிறது, உள்ளே? செங்கல்லை உருவிக் கையை விட்டேன். குளிர்ச்சியாக, வழவழப்பாக இருந்தாள். ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை.

ஆகஸ்டு 9
பிள்ளை நீலம் பாரித்து வந்தது. அத்தை தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். சத்தமில்லை. சத்தமே இல்லை. செத்தேன் என்று நினைத்தேன்.

பிறகு அழுதது. பெண்.

செப்டம்பர் 17, ஞாயிறு
போர் வடக்கே நகர்ந்துவிட்டது. சுவரை இடிக்கப் போன செத்திமியோ சும்மா திரும்பி வந்தார். அடுத்த வீட்டு அர்ஜெனே, நாலு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, சுவருக்குள் கையை விட்டு நிற்கிறாளாம். நான் யாரிடமும் சொல்லவில்லையே என்றேன்.

அந்தச் செங்கல்லின் விளிம்பெல்லாம் தேய்ந்து போயிருக்கிறதாம். நான் உருவியது ஒரே ஒரு தடவை.