விடியும்வரை இருபத்திரண்டு

09.11.2025, ஞாயிறு. கடலூர், மஞ்சக்குப்பம்.

சூரிய உதயம் 6.06. பால் வந்தது 6.25. அதிகாலை 4.10 முதல் 4.35 வரை மின்சாரம் இல்லை. இதை நேற்றைய பக்கத்தில் குறித்துவிட்டேன். மகள் காயத்ரி கேலி செய்வாள். என்னைப் பொறுத்தவரை விடிந்தால்தான் தேதி மாறும். எல்லாரும் உறங்கும்போது நள்ளிரவில் மாறுகிற தேதியை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1971 முதல் ஐம்பத்து நான்கு நாட்குறிப்புகளையும் இவ்வாறே எழுதியிருக்கிறேன்; இது ஐம்பத்தைந்தாவது.

இரவு எட்டு மணிக்கு மனைவி ஞானாம்பாள் தொலைக்காட்சியில் ஒரு புதிய தொடரை வைத்தாள். ஞாயிறுதோறும் வருமாம். ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று தொடக்கத்தில் எழுத்து ஓடியது. கடலூர்க் கடற்கரையில் ஒரு பங்களா. அதில் ஒரு நடிகை. காலையில் அவர் பிணமாகக் கிடக்கிறார். பெயரை மாற்றினால் எனக்குத் தெரியாதா? அது நடிகை சுபரேகா. தேவனாம்பட்டினத்துப் பங்களாவை அவர் வாங்கிய பத்திரம், நான் எழுத்தராக இருந்த பதிவு அலுவலகத்தில்தான் பதிவாயிற்று. 12.12.1988, திங்கள். சாட்சியாகக் கையெழுத்திட்டவர் அவருடைய கார் ஓட்டுநர், சிதம்பரத்துக்காரர், தில்லைநாதன்.

தொடரில் பத்திரம் பதிவாகும் அறையின் சுவர் நாட்காட்டி ஞாயிறு என்று காட்டுகிறது.

“ஞாயித்துக்கெழம எந்த ஆபீசு தொறந்திருக்கும்?” என்றேன்.

“கொலகாரன் எந்தப் பக்கமா வருவான்னு நான் பாத்துக்கினு இருக்கேன். ஒங்களுக்கு ஆபீசு தொறந்தா இன்னா, மூடுனா இன்னா?” என்றாள் ஞானாம்பாள்.

16.11.2025, ஞாயிறு.

இரண்டாம் பகுதியில் நானே ஒரு பாத்திரமாக வந்தேன். குடை, தடித்த கண்ணாடி, அக்குளில் ஒரு நோட்டு. சாட்சிக் கூண்டில் ஏறும்போது தடுக்கி விழுகிறேன். ஞானாம்பாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப்பார்த்தனர். என் முதல் கண்ணாடி 04.06.1996 அன்று வாங்கியது. அதற்கு முன்பு கண்ணாடி ஏது?

நடந்ததை உள்ளபடி எழுதி வைக்கிறேன். சுபரேகா கொல்லப்பட்டது 23.12.1988, வெள்ளி. சிதம்பரத்தில் திருவாதிரை நாள். பழி தில்லைநாதன்மேல் விழுந்தது. அவர், அப்போது தாம் கோயிலில் இருந்ததாகவும், பதிவு அலுவலக எழுத்தரான நான் பக்கத்தில் நின்றதாகவும் சொன்னார். ஆகவே அவருடைய வழக்குரைஞர் என்னை அழைத்தார். 19.02.1990, திங்கள். சாட்சி என்பவன் எதையும் கேள்விப்படாமல் போகவேண்டும் என்று அதுவரை அவ்வழக்கைப் பற்றிச் செய்தித்தாளில் ஒரு வரியும் படிக்கவில்லை. நாட்குறிப்பைப் பார்த்துத் தேதி, இடம், பெயர் ஆகிய மூன்றை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எடுத்தெழுதிக்கொண்டு போனேன்.

“டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி இவரைக் கண்டீர்களா?”

“இல்லை. இருபத்திரண்டாம் தேதி கண்டேன்.”

மீண்டும் கேட்டார். மீண்டும் அதையே சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம், போதிய சான்று இல்லை என்று தில்லைநாதனை விடுவித்தார்கள். அதற்குள் பதினைந்து மாதம் அவர் உள்ளே இருந்துவிட்டார். கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

கூண்டில் நான் தடுக்கி விழவில்லை. ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை.

18.11.2025, செவ்வாய்.

இதுவரை கண்ட பதினொரு பிழைகளையும் வரிசையாக எழுதித் தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையுடன்.

24.11.2025, திங்கள்.

நேற்றைய பகுதியில் ஓட்டுநர் இரத்தக் கறை படிந்த துண்டை மணலில் புதைக்கிறார். ஞானாம்பாள், “பாவி,” என்றாள்.

இன்று காலை 9.40க்குச் சிதம்பரத்திலிருந்து காயத்ரி பேசினாள்.

“அப்பா, நம்ம கனிமொழியோட ஸ்கூல் வேன் ஓட்டுறாரே ஒரு தாத்தா, அவுரு பேரு தில்லைநாதன். சீரியல்ல வர்ற டிரைவரு அவுருதானாம். பேரன்ட்ஸ் குரூப்ல ரெண்டு நாளா இதே பேச்சு. நீங்கதான அந்தக் கேசுல சாட்சி? அவுரு அன்னிக்குக் கோயில்ல இருந்தாரா இல்லியா?”

“இருவத்தி ரெண்டாந் தேதி பாத்தேன். இருவத்தி மூணாந் தேதி பாக்கல. எழுத்துல இருக்கு.”

“நல்லா தெரியுமா?”

“என்னப் போயி தேதியில சந்தேகப்படுறியே.”

அவர் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார் என்பதும், என் பேத்தியே அதில் போகிறாள் என்பதும் எனக்கு இன்றுதான் தெரியும்.

27.11.2025, வியாழன்.

இனி வர வேண்டாம் என்று வேன் உரிமையாளர் விஜயகுமார் தில்லைநாதனிடம் சொல்லிவிட்டாராம். நான் சொன்னதைக் காயத்ரி குழுவில் போட்டிருக்கிறாள்; பேச்சு அத்துடன் முடிந்துவிட்டது. கனிமொழி இரண்டு நாளாக அழுகிறாளாம், புது ஓட்டுநர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று.

உள்ளதைத்தானே சொன்னேன்.

30.11.2025, ஞாயிறு.

பகல் முழுதும் மழை. நான்காம் பகுதி. கொலைக் காட்சிக்கு முன் திரையில் எழுத்து வந்தது: ‘23 டிசம்பர், விடியற்காலை 3.30.’ கொலை நடந்த மணி எனக்கு இத்தனை ஆண்டுகளில் இன்றுதான் தெரியும்.

தேரை 21ஆம் தேதி என்று காட்டுகிறார்கள். தேர் 22. பிழை எண் பன்னிரண்டு. நாளைக் காலை 1988ஆம் ஆண்டுக் குறிப்பை எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

01.12.2025, திங்கள்.

காலை 7.15க்குப் பீரோவைத் திறந்தேன். அந்தப் பக்கத்தை அப்படியே பெயர்த்தெழுதுகிறேன்.

‘22.12.1988, வியாழன். தேர் நிலைக்கு வந்தது மாலை 5.40. இரவு கீழச் சன்னிதியில் ஒருவர் வீட்டில் படுக்கை. இரண்டரைக்கே ஆயிரங்கால் மண்டபத்தில் இடம் பிடித்தேன். பால் அபிஷேகம் ஆகும்போது முன்னால் நின்றவர் திரும்பினார். பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட்ட ஓட்டுநர் தில்லைநாதன். கூட்டம் மறைத்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டித்தான் பார்த்தேன். விபூதி அபிஷேகம் முடிய மணி 4.20. அதுவரை கையை எடுக்கவில்லை.’

இருபத்திரண்டாம் தேதிப் பக்கம். விடியவில்லை, அதனால் இருபத்திரண்டு. என் கணக்கில் இருபத்திரண்டு. ஊருக்கு, வழக்குரைஞருக்கு, நீதிமன்றத்துக்கு அது இருபத்து மூன்று. கடலூரில் அந்த அம்மாளைக் கொன்ற நேரத்தில் அந்த மனிதர் தோளில் என் கை இருந்திருக்கிறது.

துண்டுத் தாளில் மூன்றுதானே எழுதினேன் — தேதி, இடம், பெயர். மணியை ஏன் எழுதவில்லை? பக்கம் முழுவதையும் ஏன் படிக்கவில்லை? ரெண்டு தரம் கேட்டாரே அந்த வக்கீலு, ரெண்டு தரம் — ஒரு தரமாவது யோசிச்சனா? பதினஞ்சி மாசம். அதுவும் போதாதுன்னு போன வாரம் மறுபடியும் அதையே சொல்லி வச்சிருக்கேன், எழுத்துல இருக்குன்னு.

ஞானாம்பாள் வந்து பக்கத்தை வாங்கிப் படித்தாள். நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள். பிறகு, “மொதல்ல காயத்ரிக்குப் போன் போடுங்க. அப்பறமா எழுதலாம்,” என்றாள்.

போட்டேன்.

03.12.2025, புதன்.

பக்கத்தின் படத்தையும், என் பிழையைக் கூறும் கடிதத்தையும் காயத்ரி குழுவில் போட்டாள். வந்த மறுமொழிகளில் ஒன்றை அவள் படித்துக்காட்டத் தயங்கினாள்; வற்புறுத்தினேன். “முப்பத்தேழு வருசம் கழிச்சி தாத்தாவுக்குத் தேதி மாறுது. நாளைக்கு இன்னும் மாறும்.” நியாயமான சந்தேகம்தான்.

தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து பாலகுமார் என்பவர் பேசினார். தொடரின் கதையாசிரியர்களில் ஒருவர். என் முதல் கடிதம் வந்து சேர்ந்ததாம்.

“நாட்காட்டிய அடுத்த தடவ கவனிக்கிறோம் சார்.”

“நாட்காட்டி கிடக்கட்டும். அந்த ஓட்டுநர் கொல்லவில்லை. என்னிடம் சான்று இருக்கிறது.”

“சார், எங்க கதையில அவரு பேரே தில்லைநாதன் இல்ல. கற்பனை கலந்ததுன்னு போட்டிருக்கோம். கடைசி எபிசோடு எடுத்து முடிச்சாச்சி.”

“சிதம்பரத்தில் ஒருவர் வேலை போய்விட்டது.”

“வருத்தமா இருக்கு சார்,” என்றார். வருந்தினார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றும் மாற்ற மாட்டார்கள்.

05.12.2025, வெள்ளி. சிதம்பரம்.

8.05 பேருந்து, 9.35க்கு இறங்கினேன். 1988ஆம் ஆண்டுக் குறிப்பு துணிப்பையில். காயத்ரி வழி சொன்னாள். தில்லைநாதன் வீட்டு வாசலில் அவருடைய மனைவி செல்லாயி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் அரிவாள்மனை நின்றது. “இந்தாங்க, வந்துட்டாரு பாருங்க ஒங்க தேதி சாரு,” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

தில்லைநாதன் நரைத்திருக்கிறார்; தோள் மட்டும் அதே அகலம். நாற்காலி போட்டார். பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். தோளைப் பிடித்த வரியில் நிறுத்தினேன். அவரே நோட்டை வாங்கி மீதியை முணுமுணுத்தார்.

“பால் ஊத்தும்போது நின்னேன்னுதான் சார் நானும் சொன்னேன். தேதி கெழமை நமக்கு எங்க ஞாபகம்? வக்கீல்தான் சொன்னாரு, ‘கவலப்படாத, அந்த ஆபீசுகாரரு தேதியில புலி, அவர வரவழிச்சிக் கேட்டுக்கலாம்’னு.”

“இந்த நோட்டு இத்தினி வருசமா எங்க இருந்திச்சி?” என்றார் செல்லாயி.

“பீரோவில்.”

“பத்தரமா பூட்டித்தான வச்சிருந்தீங்க?”

மன்னிப்புக் கேட்கச் சொற்களைப் பேருந்திலேயே அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “தப்பு பண்ணிட்டேங்க,” என்று மட்டும் சொன்னேன்.

தில்லைநாதன் நோட்டை மூடித் துணிப்பையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். “வந்து சொன்னீங்களே. அந்தக் கேசுக்கு அப்பறம் கோயிலுக்குள்ள போறத விட்டுட்டேன் சார். புள்ளைங்கள எறக்கி ஏத்துறதுதான் பொழுது. இப்ப அதுவும் இல்ல.”

அங்கிருந்து நேரே வேன் உரிமையாளர் விஜயகுமாரிடம் போனேன். பக்கத்தைப் பார்த்தார், கடிதத்தையும் பார்த்தார்.

“எல்லாஞ் செரி சார். பெத்தவங்க பயப்படுறாங்களே. ஒங்க பேத்திய அந்த வண்டியில ஏத்துவீங்களா?”

“ஏற்றுவேன். நானும் ஏறுகிறேன்.”

“எத்தினி நாளைக்கி?”

“அவர்கள் பயம் தெளியும்வரை.”

சிரித்தார். பிறகு திங்கள் முதல் பார்க்கலாம் என்றார்.

08.12.2025, திங்கள். சிதம்பரம்.

காயத்ரி வீட்டில் தங்கியிருக்கிறேன். காலை 7.40. வேனின் முன் இருக்கையில் நான். பதினான்கு பிள்ளைகளில் வந்தது கனிமொழி ஒருத்தி. தில்லைநாதன் நான்கு தெருக்களிலும் வழக்கமான இடங்களில் வண்டியை நிறுத்தி, ஒலியெழுப்பி, ஒரு நிமிடம் காத்திருந்து புறப்பட்டார். யாரும் வரவில்லை. கனிமொழி, “எனக்கு இன்னிக்கி ஜன்னல் சீட்டு,” என்றாள்.

11.12.2025, வியாழன்.

நான்கு பேர்.

14.12.2025, ஞாயிறு.

கடைசிப் பகுதி. நான் பார்க்கவில்லை. கடலூரிலிருந்து ஞானாம்பாள் பேசினாள், அவளும் வைக்கவில்லையாம். ஓட்டுநர்தான் கொலைகாரன் என்று முடித்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்களாம்.

“நாளைக்கும் வேன்ல போவீங்கதான?” என்றாள்.

“போவேன்.”

“மப்ளர் கட்டிக்குங்க. பனி ஜாஸ்தி.”

19.12.2025, வெள்ளி.

ஒன்பது பேர். ஒரு தாய் பிள்ளையை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்து, “நீங்கதான தேதிய மாத்திச் சொன்ன தாத்தா?” என்றார். ஆம் என்றேன். ஐந்து பேர் இன்னும் வரவில்லை. அவர்கள் இனி வர மாட்டார்கள் என்று விஜயகுமார் சொல்கிறார். ஆனால் ஒன்பது பேருக்கு வேன் ஓடும். விடுமுறை கழிந்து வர வேண்டும் என்று தில்லைநாதனிடம் என் முன்னாலேயே சொன்னார்.

இன்று இறங்கும்போது தில்லைநாதன், “நீங்க இனிமே வூட்டுல இருக்கலாம் சார்,” என்றார். முதல்முறையாக என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

03.01.2026, சனி. சிதம்பரம்.

புது நாட்குறிப்பு, ஐம்பத்தாறாவது. திருவாதிரை. நேற்றுத் தேர். இரவு 1.50க்குக் கைப்பேசி ஒலித்தது.

“சார், கெளம்பிட்டீங்களா? வண்டி வாசல்ல நிக்குது.”

நான் கேட்கவில்லை, காயத்ரி சொல்லியிருப்பாள் போலும். கீழச் சன்னிதியில் இறக்கிவிட்டார். உள்ளே வாருங்கள் என்று அழைத்தேன். “நீங்க பாத்துட்டு வாங்க,” என்று வண்டியிலேயே இருந்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. பால் அபிஷேகத்தின்போது முன்னால் நின்றவரின் தோள் மறைத்தது, எட்டிப்பார்க்கவில்லை.

விபூதி அபிஷேகம் முடிந்து வெளியே வந்தேன். வாசலில், எல்லாரும் வரும் வழியில், செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். விபூதியைக் கொடுத்தேன். இட்டுக்கொண்டார்.

“மணி இன்னா சார்?”

“நாலு இருவத்தஞ்சி.”

“தேதி?”

விடியச் சரியாக இரண்டு மணி நேரம் இருந்தது. கோபுரத்துக்கு மேலே இன்னும் இருட்டு.

“மூணு,” என்றேன். “ஜனவரி மூணு.”

வண்டியைக் கிளப்பினார். “எழுதிக்குங்க,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எழுதிவிட்டேன், மூன்றாம் தேதிப் பக்கத்தில்.