சுறாப் புட்டும் அக்குள் கட்டியும்

வைகாசி 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஏரிப் பக்கம் இலை அசையவில்லை. கோட்டையில் உலாந்தா தேசத்து (டச்சு) வைத்தியத் துரைக்கு (இனி வை.து., காகிதம் குறைவு) பேச்சு மாற்றிச் சொல்லும் வேலை. நோயாளிகள் மூவர், மூவருக்கும் பேதி. மூவருக்கும் அட்டை விடச் சொன்னார்.

வீட்டில் பிள்ளை பிறந்து ஆறாம் நாள். பெண்டாட்டி செங்கேணிக்கு இடது அக்குளில், பிறவி மச்சத்துக்கு அடியில், எலுமிச்சை அளவு கட்டி. தொட்டால் கத்துகிறாள். பயமாக இருக்கிறது.

பிள்ளை பெற்றவளுக்கு என்று மச்சான் பால்சுறா கொண்டுவந்தான். "புட்டு செஞ்சி போடு மாமா. தெம்பு வந்தா கட்டி தானா கரையும்"னான்.

வைகாசி 11, புதன்

வாங்க: விளக்கெண்ணெய், பூண்டு, பழந்துணி.

கட்டி இப்போது நார்த்தங்காய். சுறாவை இரண்டு வேளை ஆக்கினோம்.

வைகாசி 12, வியாழன்

மூன்று வேளை. இன்னும் பெரிசு. மச்சான் சுறா தேடி முகத்துவாரம் தாண்டிப் போயிருக்கிறான்.

வேறு வழியில்லாமல் வை.து.விடம் சொன்னேன். "நாளைக்கே அறுத்துவிடலாம்" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். போன மாதம் அவர் அறுத்த தச்சன் பிழைக்கவில்லை.

"வலிக்குமாய்யா?" என்றாள் செங்கேணி.

"எறும்பு கடிச்ச மாரி."

வைகாசி 13, வெள்ளி

வை.து. வீட்டுக்கே வந்தார். கத்தி, சாராயம், கட்டுத்துணி. அவள் கையைத் தூக்கி நான் பிடித்தேன். மூக்குக் கண்ணாடியோடு அவர் குனிந்த நேரம், தூளியில் பிள்ளை அழுதது. மச்சத்திலிருந்து சர்ரென்று பால். கண்ணாடி இரண்டும் வெள்ளை.

பிள்ளையைக் குளிப்பாட்ட வந்த மருத்துவச்சி முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா நைனா, பால் சொரக்கத்தான சுறா குடுக்குறது? சில பொம்பளைங்களுக்கு அக்குள்லயும் மாரு இருக்கும். நீ மூணு வேள போட்டா அங்கியும் சொரக்காம இன்னா செய்யும்? மொதல்ல சுறாவ நிறுத்து."

அக்குளில் மட்டும் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினாள். பால் வற்றுமாம்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் வை.து., கண்ணாடியைத் துடைத்தபடி.

"கத்தி வேண்டாமாம்" என்றேன். மீதியை மாற்றிச் சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது.

"எறும்பு கடிச்ச மாரியா?" என்று செங்கேணி முறைத்தாள்.

வைகாசி 16, திங்கள்

கட்டி மறுபடி எலுமிச்சை. வீடெல்லாம் மல்லிகை வாசம். மச்சான் முகத்துவாரத்திலிருந்து ஒரு கூடை சுறாவோடு திரும்பினான். செங்கேணி தொடமாட்டேன் என்கிறாள். எறியவும் மனமில்லை. மூன்று வேளையும் எனக்குத்தான் புட்டு.

குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். இடது அக்குளில் ஒன்றுமில்லை. வலதை இன்னும் பார்க்கவில்லை.