ஏழாம் பக்கத்தில் இருந்த வேறு பிள்ளை

அன்பு மகளே, அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. அது நேற்றுக் கூடத்தில் நான் ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்த பரிசு, சாப்பாட்டு மேசை குறுக்கே வந்துவிட்டது. வயதுக்கேற்ற புத்தி வேண்டாமா என்று அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டினாள், திட்டும்போதே சிரித்தும் விட்டாள். உனக்குச் சளி விட்டதா? தலையைத் துவட்டாமல் வேலைக்கு ஓடாதே என்று அம்மா மூன்று முறை சொல்லி எழுதச் சொன்னாள், ஒரு முறை எழுதிவிட்டேன், மீதி இரண்டையும் நீயே படித்துக்கொள்.

நான் ஏன் ஆடினேன் என்று கேட்பாய். ஓய்வு பெற்றபின் இந்த மனிதர் வீட்டில் சும்மா இருந்து உயிரை எடுக்கிறார் என்று அம்மா உன்னிடம் புலம்பினாளே, அந்தப் புலம்பலுக்கு இனி வேலை இல்லை. எனக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளை அரசு தன் பொறுப்பில் வைத்திருக்கிறது அல்லவா, ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருக்க வேண்டும், யார் வளர்க்க வேண்டும் என்று குழந்தைகள் நலத்துறையில் ஒரு திட்டம் எழுதுவார்கள். அந்தத் திட்டம் சரிதானா என்று துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வெளியாள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். அந்த வெளியாட்களில் உன் அப்பாவும் ஒருவன். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் சோதித்தவருக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மா கேட்டாள். லிஃப்டை மாட்டியவனே அதற்குச் சான்றிதழும் கொடுக்கக் கூடாது, அது எனக்குத் தெரியும் என்றேன். தேர்வுக் குழுவிலும் இதையேதான் சொன்னேன், அங்கே தலையாட்டினார்கள், உன் அம்மாதான் ஆட்டவில்லை.

முதல் வழக்கே இரண்டு அக்கா தங்கை. பெரியவளுக்குப் பத்து வயது, எதற்கெடுத்தாலும் வாதாடுவாளாம், அதனால் பிள்ளைகள் இல்லத்தில் அவளுக்கு வக்கீல் என்று பேர். சின்னவளுக்கு நாலு வயது, அக்கா பாவாடையை விடவே மாட்டாள், அவள் ஒட்டுப்புல். திங்கட்கிழமை இருவரையும் ஆளுக்கொரு வீட்டுக்கு அனுப்புவதாகத் திட்டம். ஒரு வீடு இந்த ஊரில், இன்னொன்று ஐந்து மணி நேரப் பயணத்தில். காரணம் ஏழாம் பக்கத்தில் இருந்தது: பெரியவள் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளை அடிக்கும் பழக்கம் உள்ளவள், சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்க வேண்டாம். கூடவே வலது காது கேட்காது, கருவி மாட்டியிருக்கிறாள் என்றும் போட்டிருந்தது. சரி பாவம் என்று நினைத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். கையெழுத்துக்கு முன்னால் பிள்ளையை நாங்கள் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும், அதிகாரி யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அது விதி. என் குரல்தான் உனக்குத் தெரியுமே, லிஃப்ட் குழிக்குள் பத்து மாடிக்குக் கத்திப் பழகிய குரல். அவளுடைய இடது காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, உன் பெயர் என்னம்மா என்று அந்தக் குரலில் ஒரு கத்துக் கத்தினேன். ஜன்னலில் இருந்த புறா பறந்தது. அவள் அசையாமல் என்னைப் பார்த்து, "தாத்தா, எனக்கு நல்லாவே கேக்குது. உங்களுக்குத்தான் காது கேக்காதா?" என்றாள். காதுக் கருவி எங்கே என்றேன். "எனக்கு எதுக்கு அது?" என்றாள். எனக்கு அசடு வழிந்தது, அடுத்த நிமிடமே ஏழாம் பக்கத்தை மறுபடி புரட்டினேன். காது அவளுடையது இல்லை என்றால், அந்த அடிக்கிற கை மட்டும் அவளுடையதா?

பிள்ளையின் விருப்பம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் யாரோ, கருத்து ஏதும் இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். வக்கீலுக்கா கருத்து இல்லை! அதை அடித்துவிட்டுப் பேனாவை அவளிடமே கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: "தங்கச்சி என்னைத் தொட்டுக்கிட்டுதான் தூங்குவா. எனக்கும் அப்பிடித்தான். இதை யாரும் கேக்கல."

நேரே துறை அலுவலகத்துக்குப் போனேன். திட்டம் எழுதிய அதிகாரி சின்ன வயசுக்காரர், மேசையில் நாற்பது பிள்ளைகளின் கோப்பு, தூங்கிப் பல நாளான முகம். வேறொரு பிள்ளையின் பழைய திட்டத்தை எடுத்து அதன் மேலேயே புதிதாக எழுதியிருக்கிறார், எல்லாப் பக்கத்தையும் மாற்றியவர் ஏழாம் பக்கத்தை விட்டுவிட்டார். கண்டுபிடித்ததும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், எனக்கே பாவமாகப் போயிற்று. ஆனால் அவருடைய மேலதிகாரி விடவில்லை. "ரெண்டு வீட்டுக்காரங்களும் திங்கட்கிழமை வர்றாங்க சார், இப்பப் போய் நிறுத்தச் சொன்னா எப்படி? ஒரு கையெழுத்துதானே!" என்றார். "நான் உங்க ஆபீஸ் ஆள் இல்லீங்க, அதனாலதான் என்னை வச்சிருக்காங்க" என்று சொல்லிப் பேனாவைச் சட்டைப் பையில் சொருகினேன். பேனா முதல் தடவை பைக்கு வெளியே விழுந்தது, அதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. திட்டம் நின்றது. அந்த இரண்டு வீட்டில் ஒன்று சைக்கிள் கடை வைத்திருக்கும் தம்பதியுடையது. அவர்களைக் கேட்டால், "ரெண்டு பேரையுமே அனுப்புங்க, ஏன் பிரிக்கிறாங்கன்னு எங்களுக்கே புரியல" என்கிறார்கள்! நேற்றுக் காலை அக்காவும் தங்கையும் ஒரே வண்டியில் போனார்கள். ஒட்டுப்புல் எனக்குக் கையாட்டவே இல்லை, ஒரு கையில் அக்கா, ஒரு கையில் பிஸ்கட். வீட்டுக்கு வந்துதான் ஆடினேன்.

ஆடி முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்தபோது உன் ஞாபகம் வந்தது. உன் பதினோராவது வயதில் உன்னை விடுதிப் பள்ளியில் சேர்த்தேன். நல்ல பள்ளி என்று முடிவு செய்தவன் நான், விண்ணப்பம் எழுதியவன் நான், சரி பார்த்தவனும் நான். வண்டி ஏறும்போது நீ அழவில்லை. அழாததையே சம்மதம் என்று நானாக எழுதிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட உன்னைக் கேட்கவில்லை என்பது நேற்றுத்தான் உறைத்தது கண்ணு.

நீ நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும், நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தத் தாளின் பின்பக்கத்தை உனக்காகவே எழுதாமல் விட்டிருக்கிறேன். அன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது என்று எழுதி, இதே தாளைத் திருப்பி அனுப்பு. கோபமாக இருந்தாலும் அப்படியே எழுது, நான் ஒரு வார்த்தையும் திருத்த மாட்டேன்.

தாமதமாகக் கேட்கும்,
உன் அப்பா