மூன்று வாரத்துக்கு ஓர் ஆள்

கடலூர் முதுநகர்
12.1.2025

சிரஞ்சீவி ஜெயப்பிரகாஷுக்கு மாமன் தாண்டவராயன் ஆசீர்வாதம் சொல்லி எழுதவைப்பது.

நோட்டு செல்லாமல் போன வருஷம் அது. அதற்கு முந்தின வருஷம்தான் கடலூர் வெள்ளத்தில் கிடந்தது. மண்டியில் மூட்டைக்குள்ளேயே நெல் முளைவிட்டு, எனக்கு மூட்டை தூக்குகிற வேலையும் அதோடு போயிற்று. அந்த நோட்டு வருஷத்து ஆடியில் உன் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்து படுத்துவிட்டாள். அடுத்த மாதமே என் வீட்டில் உன் அத்தை செல்லாயிக்கு வலது கை கால் இழுத்துக்கொண்டது. பார்த்துக்கொள்ள ஆள் தேடி நீ காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் டவுன் பஸ்ஸில் அலைந்தாய். "நமக்கே இப்டின்னா மத்தவங்க என்னா பண்ணுவாங்க மாமா, நாமளே வீடுவீடா ஆள் அனுப்பலாமா" என்று என்னிடம்தான் கேட்டாய்.

உன் வீடு, என் வீடு போக ஐந்து வீடு பிடித்தோம். ஐந்துக்கும் நான் கூட வந்து, "எங்க அக்கா மவன், நம்பி உடுங்க" என்று வாக்குக் கொடுத்தேன். ஏழு பேரில் மூன்று பேர் காலம் முடிந்து, ஒரு குறையும் இல்லாமல் போனார்கள். மிச்சம் நாலு பேர். சிதம்பரம் கீழ வீதி உத்திராபதி, இங்கே மணவாளன், உன் அத்தை, உன் அம்மா.

இப்போது போன் போட்டால் ஸ்ரீமதி என்று ஒரு பெண் எடுக்கிறாள். "மொதலாளி போன் எடுக்க மாட்டாரு தாத்தா, எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க" என்கிறாள். கைநாட்டுக்காரனுக்கு இது தண்டனை. ஆகவே உன் அத்தையைப் பார்த்துக்கொள்கிற பொன்னி எழுதுகிறாள்.

வருகிற இருபதாம் தேதி பொன்னியை மாற்றுகிறாய் என்று தாள் வந்திருக்கிறது. அவளை மாற்றாதே. அது ஒன்றுதான் கேட்கிறேன். உன் அத்தைக்கு வலது கன்னத்தில் உணர்ச்சி இல்லை. முழுங்கிவிட்டேன் என்று தலையாட்டுவாள், சோறு கன்னத்தில் அடங்கிக் கிடக்கும். பொன்னி ஒவ்வொரு வேளையும் விரலை விட்டுத் துழாவி எடுத்த பிறகுதான் படுக்கவைப்பாள். எடுக்காமல் படுக்கவைத்தால் அது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். எட்டு வருஷமாக ஒரு வேளை தவறினதில்லை. இதை எழுத மாட்டேன், என்னையே நான் புகழ்ந்தமாதிரி இருக்கும் என்கிறாள். அதட்டித்தான் எழுதவைக்கிறேன்.

தாண்டவராயன் (ரேகை)
எழுதியது: பொன்னி


சிதம்பரம்
17.1.2025

அன்புள்ள மாமா,

நலம். அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். ரேகையைப் பார்த்ததும் உங்கள் கையைப் பார்த்ததுபோல் இருந்தது. போன் எடுக்காததற்குக் கோபிக்காதீர்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு கோச்சிங்கில் சேர்ந்திருக்கிறேன். ஹோம் கேர் நடத்துகிறவர்களுக்கென்றே நடத்துவது. கோச் பெயர் விஜயகுமார். முதல் நாளே என்னை எழுப்பி நிறுத்தி, "உங்க வீட்டுக் காலிங்பெல்லைக்கூட நீங்கதான் போய்த் திறப்பீங்களா" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. எத்தனை வருஷமாக நான் சாப்பிடும்போதுகூட போன் காதில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

போன வருஷம், தினமும் வீடு வீடாகப் போய்வந்த சத்யப்பிரியா வேலையை விட்டு நின்றபோது பதினோரு வீடு அவளோடு போயிற்று. "எங்களுக்கு சத்யா இருந்தா போதும் சார்" என்றார்கள். எட்டு வருஷ உழைப்புக்கு அதுதான் பதில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினால் வீடு கம்பெனியின் வீடாக இருக்கும், ஆளின் வீடாக இருக்காது என்று கோச் சொன்னது எனக்கு உறைத்தது. அறுபது பெண்கள் என்னை நம்பி இருக்கிறார்கள் மாமா. தெரிய வேண்டியதெல்லாம் ஃபைலில் இருக்கும். யார் வந்தாலும் படித்துக்கொள்வார்கள்.

உங்கள் ஒரு வீட்டை மட்டும் ஆள் மாற்றாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். "சொந்தக்காரங்களுக்குத் தனி ரூலா?" என்று கோச் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அம்மாவுக்கே இந்த மாதம் ஒன்றாம் தேதி ஆள் மாற்றிவிட்டேன். முதலில் முணுமுணுத்தாள். இப்போது பழகிவிட்டாள், சத்தமே இல்லை.

உங்கள் மருமகன்
ஜெயப்பிரகாஷ்


கடலூர் முதுநகர்
6.2.2025

சிரஞ்சீவி ஜெயப்பிரகாஷுக்கு மாமன் எழுதவைப்பது.

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இது சுவாதி, நீ அனுப்பின பெண். நல்ல பெண்தான்.

உத்திராபதி ஐந்து நாள் முன்னால் போய்விட்டார். தாலுகா ஆபீசில் பியூனாக இருந்தவர், யார் வீட்டில் எது கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்று சொல்லியே பழகினவர். இருபது தடவை கேட்டாலும் வேண்டாம்தான். பழைய ஆள் கேட்கவே மாட்டாள், டம்ளரை உதட்டில் வைப்பாள், அவர் குடித்துவிடுவார். புது ஆள் மரியாதையாகக் கேட்டிருக்கிறாள், அவர் வேண்டாம் என்றிருக்கிறார், அவளும் அப்படியே எழுதியிருக்கிறாள். நான் துக்கத்துக்குப் போனபோது அவர் மகன் ஃபைலைக் காட்டிப் படித்தான். தண்ணீர், வேண்டாம். தண்ணீர், வேண்டாம். பக்கம் பக்கமாக அதுதான். மூத்திரம் நின்று, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போனார். மகன் வாசல்வரை வந்து செருப்பை எடுத்து என் முன்னால் வைத்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கே உன் அத்தைக்கு இருமல். கன்னத்தைத் துழாவ வேண்டும் என்று சுவாதியிடம் முதல் நாளே சொன்னேன். "ஃபைல்ல அப்டி ஒன்னும் இல்லியே தாத்தா, சாப்ட்டாங்களா இல்லியான்னுதான் இருக்கு" என்றாள். இருந்தாலும் நான் சொன்னதற்காகச் செய்கிறாள். அவளையே உட்காரவைத்து இதை எழுதச் சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதுகிறாள். ஆனால் பத்தாம் தேதி இவளும் போகிறாள். அடுத்தவளுக்கு நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கடுத்தவளுக்கும் சொல்ல வேண்டும். எனக்கு எழுபத்தெட்டு. நான் ஒரு நாள் சொல்ல மறந்தால்?

பத்தாம் தேதி பொன்னியை அனுப்பு.

தாண்டவராயன் (ரேகை)
எழுதியது: சுவாதி


சிதம்பரம்
12.2.2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் 6.2.2025 தேதியிட்ட கடிதம் பெறப்பட்டது. தங்கள் ஆலோசனை பதிவு செய்யப்பட்டுள்ளது. பணியாளர் மாற்றம் அட்டவணைப்படியே நடைபெறும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

ஸ்ரீமதி
வாடிக்கையாளர் பிரிவு

மாமா, அந்தப் பெண் எல்லாருக்கும் ஒரே மாதிரி டைப் பண்ணுகிறாள், தப்பாக நினைக்காதீர்கள். உத்திராபதிக்கு எண்பத்தாறு வயசு மாமா. கோச் மாதக் கடைசியில் நேரில் வந்து பார்க்கிறார், மற்ற ஊர்க்காரர்களுக்கு என் ஆபீசைக் காட்டப் போகிறாராம். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் நானே வந்து அத்தையைப் பார்க்கிறேன்.
ஜெ.பி.


காட்டுமன்னார்கோயில்
20.3.2025

ஜெயப்பிரகாஷுக்கு மாமன் தாண்டவராயன் பொன்னி கையால் எழுதவைப்பது.

உன் அத்தையின் பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது. நீ மாலை போட்டுவிட்டு, அன்றைக்கு மத்தியானமே ஆபீசில் ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டாய். நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்கிறேன், கேள்.

மார்ச் மூன்றாம் தேதி ஆள் மாறுகிற நாள். எனக்கு ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருந்தது. ரேகை வைக்க நான்தான் போக வேண்டும். மூட்டை தூக்கித் தேய்ந்த விரல், மிஷினில் விழவில்லை, துடைத்துத் துடைத்து நாலு தடவை வைக்கச் சொன்னார்கள். அதற்குள் போகிறவள் உன் அத்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஃபைலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். வருகிறவள் சினேகா, சின்னப் பெண். சாப்பிட்டார் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, தலையணையை எடுத்துவிட்டுப் படுக்கவைத்திருக்கிறாள். நான் பையோடு உள்ளே நுழையும்போது உன் அத்தையின் முகம் நீலமாக இருந்தது. விரலை விட்டேன். ஒரு கவளம் சோறு வந்தது. மூச்சு வரவில்லை. அந்தப் பெண் மூலையில் நின்றுகொண்டு, "நான் எதும் பண்ணல தாத்தா, நான் எதும் பண்ணல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது நிஜம்தான்.

மணவாளன் அதற்கு ஒரு வாரம் முன்னால் போனார். எப்போதும் கட்டிலின் இடப்பக்கம் இறங்குகிறவர். அறை விசாலமாக இருக்கட்டும் என்று புது ஆள் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தாள். வலப்பக்கம் இறங்கத் தெரியாமல் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் உன்னைக் கேட்க நான் இதை எழுதவைக்கவில்லை. காரியம் முடிந்த அன்றைக்கே பொன்னியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்துவிட்டேன், உன் அம்மா வீட்டுக்கு. பொன்னி உன்னிடம் வேலையை விட்டுவிட்டாள். உன் கோச்சிடம் சொல், அவள் போகும்போது கொண்டுபோனது இந்த ஒரு வீட்டைத்தான்.

உன் அம்மா பழகிவிட்டாள் என்று எழுதினாயே. நேற்று பொன்னி அவளைப் புரட்டிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலம் புண். எலும்பு தெரிகிறது. ஜனவரியிலிருந்து நாலு ஆள் மாறியிருக்கிறார்கள், நாலு பேரும் ஃபைலில் நலம் என்றே எழுதியிருக்கிறார்கள். திரும்பிப் படுங்கள் என்றால், வலிக்கவில்லை, இப்படியே இருக்கிறேன் என்று இவளே மறைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டுப் பேசினாள். "சொன்னா புள்ள பேரு கெட்டுப்பூடும்டா தாண்டவா. பெத்தவளையே சரியா பாக்கலன்னு ஊரு பேசும். அவன் இப்பதான் மேல வரான்."

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். காய்ச்சல் இறங்க வேண்டும், இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார். இருபத்தாறாம் தேதி இங்கே ஆள் மாறுகிறது என்று சுவரில் உன் தாள் ஒட்டியிருக்கிறது. யாரையும் அனுப்பாதே. வந்தால் வாசலோடு திருப்பிவிடுவேன். நீ வருவதானால் போனை ஆபீசில் வைத்துவிட்டு, தனியாக வா. சீக்கிரம் வா.

எனக்கு எழுத்து தெரியாது, ஃபைல் கிடையாது. நாம் ஆரம்பித்த அந்த ஏழு பேரும் எனக்கு முகம் முகமாக ஞாபகம் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார்கள், யாருக்கு எது தொண்டையில் இறங்காது என்பது வரைக்கும் இருக்கிறது. அதில் ஆறு பேர் இப்போது இல்லை. இந்த நேரம்வரை உயிரோடு இருப்பது என் அக்கா, உன் அம்மா, கொளஞ்சியம்மாள்.