சோத்தாங்கைப் பக்கம்

6-1-86, திங்கள்

புது வருஷத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த டைரியில் ஐந்து பக்கம் வெறுமையாகப் போய்விட்டது. போகட்டும். இன்று எழுத விஷயம் இருக்கிறது!

எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் புது உடற்பயிற்சிக் கூடம் திறந்துவிட்டார்கள். உள்ளே போனால் ஒரே பெயிண்ட் வாசனை. பி.டி. ரோசம்மாள் டீச்சர் விசில் ஊதிச் சொன்னார்: லெஜிம், டம்பெல்ஸ், யோகா, பிரமிடு - நாலு குரூப். எல்லாவற்றையும் போய்ப் பார்க்கலாம். மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட வேண்டும். பிப்ரவரி 22 விளையாட்டு விழாவில் செய்து காட்டுவதற்குத்தான் மார்க். எதிலும் இல்லாதவளுக்கு முட்டை. முட்டை வாங்கினால் சர்டிபிகேட் கிடையாது, அடுத்த வருஷமும் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

என் ரூம்மேட் பாஞ்சாலி பிரமிடில் இன்றைக்கே பேர் கொடுத்துவிட்டாள். பென்னாகரத்துக்காரி, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். நான் நாலையும் ஒரு கை பார்க்கப் போகிறேன்.

8-1-86, புதன்

லெஜிம்! மரப்பிடியில் சங்கிலி கட்டி, சங்கிலி பூரா இரும்புச் சில்லுகள். ஆட்டினால் ஜல் ஜல் என்று ஹாலே குலுங்குகிறது. இரண்டு நிமிஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான், இதில்தான் சேரப் போகிறேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

"வலப்பக்கம் திரும்பி, ரெண்டு தட்டு" என்றார் டீச்சர். திரும்பித் தட்டினேன். எதிரே தெரசாவின் முகம். எல்லாரும் ஒரு பக்கம், நான் மட்டும் மறுபக்கம்! அடுத்த தட்டில் என் சங்கிலி அவள் பின்னலில் மாட்டிக்கொண்டது. பிரித்து எடுக்க மூன்று பேர், கால் மணி நேரம்.

9-1-86, வியாழன்

தெரசா இன்னும் பேசவில்லை.

10-1-86, வெள்ளி

டம்பெல்ஸ். மரக்கட்டைதான், ஆனால் மூக்கில் பட்டால் மரம் என்ன இரும்பு என்ன? வலது கையை வீசச் சொன்னார்கள், வீசினேன். பக்கத்தில் தங்கம்மாளின் மூக்கு இருந்தது. நல்லவேளை, ரத்தம் வரவில்லை. "நீ வர்றது தெரிஞ்சா நான் ஹெல்மெட்டு போட்டுட்டு வர்றேன்" என்றாள். அவளுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இரண்டு போச்சு. இன்னும் இரண்டு இருக்கிறதே!

13-1-86, திங்கள்

யோகாவில் யாரையும் அடிக்க வழியில்லை என்று தைரியமாகப் போனேன். சொல்லித் தருவது கிருஷ்ணப்பன் மாஸ்டர், ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. தமிழ் நன்றாகத்தான் பேசுகிறார். கண்ணை மூடிவிட்டால் மட்டும் தெலுங்கு வந்துவிடுகிறது. "குடி முக்கு மூடுங்கம்மா" என்றார். வலது மூக்கை மூடச் சொல்கிறாராம். பாஞ்சாலி என்னோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். என் காதில், "எதைக் குடிக்கச் சொல்றாரு?" என்றாள்.

அவ்வளவுதான். முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு வெடித்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாகிறது, என்ன செய்ய? மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அம்மாயி, நீங்க வெளியில போயி சிரிச்சு முடிச்சுட்டு வாங்க" என்றார். பெல் அடிக்கிற வரைக்கும் எனக்குச் சிரிப்பு முடியவில்லை.

அதுவும் நான் மூடியிருந்தது இடது மூக்காம்.

16-1-86, வியாழன்

பொங்கல் லீவு. பாப்பாரப்பட்டியில் இறங்கி இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். வந்ததும் வராததுமாக அம்மா ஆரம்பித்துவிட்டாள். நான் சாப்பிடுவது இடது கையில். எழுத்தை மட்டும் ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் பிரம்பால் வலது கைக்கு மாற்றினார், சோறு மாறவில்லை. அம்மாவுக்கு ஒரு வைத்தியம் உண்டு. தண்ணீர்ச் சொம்பை என் இடப்பக்கமாகவே வைப்பாள். இடது கை சொம்பைப் பிடித்துக்கொண்டால் வலது கை தானாகத் தட்டுக்குப் போகுமாம். பதினோரு வருஷமாக வைக்கிறாள். நானும் பதினோரு வருஷமாகக் குறுக்கே கை நீட்டித் தண்ணீர் எடுக்கிறேன்.

"நாளைக்கு ஒரு வூட்டுக்குப் போயி பீச்சாங்கையில தின்னா, எவ மகடி இவன்னு என்னையத்தான் கேப்பாங்க."

அப்பா பேச்சை மாற்றினார். "வெளையாட்டு விழாவுக்கு நான் வர்றேன் கண்ணு. பால் சொசைட்டியில எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன்."

எந்தக் குரூப் என்று கேட்டார். லெஜிம் என்று புளுகிவிட்டேன்.

20-1-86, திங்கள்

பிரமிடு. நான் குள்ளம், எடை கிடையாது, அதனால் உச்சி எனக்கு! கீழே ஆறு பேர், நடுவில் பாஞ்சாலி தோளைக் கொடுத்து நிற்கிறாள். ஏறி நின்றால் ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிகிறது. நான் கத்திய கத்தலில் சமையல்காரம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

பிறகு, "வலது காலை எடுத்து வெளியில நீட்டு" என்றார் டீச்சர். நீட்டினேன். பாஞ்சாலி பிடித்துக்கொள்ளக் கை நீட்டியது வேறு காலுக்கு.

எட்டு பேரும் பாயில். யாருக்கும் அடி இல்லை. எல்லாரும் சிரிக்கிறார்கள், நான்தான் பெரிதாகச் சிரித்தேன். டீச்சர் நோட்டை மூடிவிட்டார். "ராஜமேரி, ஒன்னைய எங்க வெச்சாலும் ஆபத்து. எந்தக் குரூப்லயும் ஒனக்கு எடம் இல்ல."

21-1-86, செவ்வாய்

சிரித்ததெல்லாம் நேற்று. இன்று வரவில்லை. அப்பா வந்து எங்கே உட்கார்ந்து எதைப் பார்ப்பார்? நான் என்ன, வந்தவர்களுக்குத் தண்ணி ஊத்தவா? பால் சொசைட்டி பூரா சொல்லி வெச்சிருக்காரே - ஐயோ, ஏன் அப்படிப் புளுகினேன்? ஒரு வலது இடது தெரியாத கழுதை டீச்சராகி என்ன கிழிக்கப் போகுது?

23-1-86, வியாழன்

கண்டுபிடித்தாயிற்று! நான் இல்லை, பாஞ்சாலி.

மெஸ்ஸில் நான் எப்போதும் சுவரை ஒட்டி உட்காருவேன், யாருக்கும் கை தெரியாது. இன்று இடமில்லாமல் நடுவில் உட்கார்ந்தேன். அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, பீச்சாங்கையில திங்கற!"

"மெதுவாப் பேசுடீ."

"இரு இரு. வலது எதுன்னு கேட்டா மனசுல என்ன நெனப்ப?"

"சோத்தாங்கைன்னு நெனப்பேன். அம்மா அப்பிடித்தானே சொல்லிக் குடுத்துச்சு."

"ஒனக்குச் சோத்தாங்கை எது?"

கையைத் தூக்கிக் காட்டினேன். சாம்பார் வழிகிற இடது கை.

இரண்டு பேரும் அப்படியே வாயைப் பிளந்தோம். ஊருக்கெல்லாம் சோறு தின்கிற கை வலது. எனக்கு அது இடது. சின்ன வயதில் மண்டையில் ஏறியது, பத்தொன்பது வயது வரை ஒருவரும் இறக்கவில்லை! வலது என்றால் மனசு சோறு என்கிறது. சோறு என்றால் இந்தக் கை எழுந்துவிடுகிறது. பாஞ்சாலி சிரித்து மோர் புரையேறி, நான் முதுகில் தட்டி - சந்தேகமே இல்லாமல் இடது கையால்தான் தட்டினேன்.

27-1-86, திங்கள்

வலது மணிக்கட்டில் பாஞ்சாலி சிவப்புக் கயிறு கட்டிவிட்டாள். டீச்சர் கையைக் காலைப் பிடித்து லெஜிமில் ஒரு வாய்ப்பு வாங்கினேன். பக்கம் சரியாக வருகிறது. ஆனால் கயிற்றைப் பார்த்து முடிப்பதற்குள் ஊர் திரும்பி, தட்டி, அடுத்ததற்குப் போய்விடுகிறது. தெரசா பின்னலைத் தூக்கிக் கொண்டையாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நம்பிக்கை இல்லை போலிருக்கிறது!

30-1-86, வியாழன்

அவசரத்தில் எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பரவாயில்லை.

இன்று ட்ரில் சொல்லிக் கொடுக்கும் பயிற்சி. ஒருத்தி மேஜைமேல் ஏறி வகுப்பைப் பார்த்து நின்று, சொல்லிக்கொண்டே செய்துகாட்ட வேண்டும். எதிரே நிற்பவர்களுக்குப் பக்கம் மாறித் தெரியும் அல்லவா? அதனால் டீச்சராக நிற்பவள் வாயால் வலது என்று சொல்லி, இடது கையைத் தூக்க வேண்டும். கண்ணாடி மாதிரி. தெரசா ஏறினாள், வாய் வலது, கையும் வலது. தங்கம்மாள் ஏறினாள், பாதியில் அழுதுவிட்டாள். பன்னிரண்டு பேர் ஏறி இறங்கினார்கள். ஒருத்திக்கும் வரவில்லை.

கடைசியில் நான். "வலது கை மேலே!" என்றேன். இடது எழுந்தது. "இடப்பக்கம் சாய்!" வலப்பக்கம் சாய்ந்தேன். யோசிக்கவே இல்லை! எதிரே நாற்பது பேரும் ஒரே ஆளாகச் சாய்ந்தார்கள்.

டீச்சர் வாயிலிருந்து விசில் விழுந்தது. "எறங்காத! அப்பிடியே நில்லு. மொதல்ல அந்தக் கயித்தக் கழட்டி எறி."

மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் நோட்டில் என் பேர் ஏறிவிட்டது. விழாவில் இரண்டு வருஷத்துப் பெண்களும் சேர்ந்து செய்து, கடைசியில் லெஜிம் தட்டி முடிக்கிற கூட்டு ட்ரில். எண்பது பேர். மேஜைமேல் நான்.

5-2-86, புதன்

எண்பது பேர்! நான் குனிந்தால் எண்பது முதுகு குனிகிறது. இன்று சும்மா மூக்கைச் சொறிந்தேன், முதல் வரிசை பூரா மூக்கைத் தொட்டது.

12-2-86, புதன்

சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். நெற்றிச் சாம்பலோடு பயிற்சி செய்து, வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்துவிட்டது.

ஒறுத்தல் என்று ஒவ்வொருத்தி ஒவ்வொன்றை விடுகிறாள். ஞானமேரி டீயை விட்டாள். நான் இடது கையை விடப் போகிறேன். நாற்பது நாள் வலது கையில்தான் சோறு. அம்மாவுக்காக. எத்தனை வருஷம் கெஞ்சியிருக்கிறாள், பாவம். கடிதமும் போட்டுவிட்டேன். படித்ததும் தெருவுக்கே சொல்வாள்.

17-2-86, திங்கள்

கெட்டது போ.

"வலது கை மேலே!" என்றேன். வலது கையே எழுந்துவிட்டது! எண்பது பேரில் காதை நம்பியவர்கள் ஒரு பக்கம், கண்ணை நம்பியவர்கள் ஒரு பக்கம். ஹாலில் சந்தை இரைச்சல். மறுபடியும் செய்தேன், மறுபடியும் அதே. ஐந்தே நாள் வலது கையில் சாப்பிட்டதற்கு மனசு கட்சி மாறிவிட்டது. விழாவுக்கு இன்னும் ஐந்து நாள்.

விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் மேஜை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒறுத்தலுக்கு ஒனக்கு வேற ஒன்னுமே கெடைக்கலையா? சக்கரைய விடக்கூடாதா? போயி சாமியாரக் கேளுடி!"

18-2-86, செவ்வாய்

வியாகுலம் சாமியார் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். "எந்தக் கையில சாப்பிட்டாலும் ஒரே வயித்துக்குத்தானம்மா போவுது. அத விட்டுட்டு, பேச்சக் கொறைச்சுக்க" என்றார். அதற்குப் பட்டினியே கிடக்கலாம்.

மதியமே பழைய கைக்கு வந்துவிட்டேன். ருசியே தனி! ஆனால் அம்மாவுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்குமே.

21-2-86, வெள்ளி

இரண்டு தரம் செய்து பார்த்தோம். ஒரு தப்பு இல்லை. நாளை.

22-2-86, சனி

அப்பா மட்டும் வருவார் என்று பார்த்தால் அம்மாவும் வந்து நிற்கிறாள், கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவையில்! மேஜையில் ஏறினேன். கண்ணை மூடி, சோறு, சோறு என்று மூன்று தரம் சொல்லிக்கொண்டேன். "வலது கை மேலே!"

எண்பது கையும் ஒரே பக்கம். முடிகிற வரைக்கும் ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசித் தட்டில் எல்லா லெஜிமும் ஜல் என்று ஒன்றாக நின்றபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பாஞ்சாலி என்னை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டாள்.

இறங்கிப் பார்த்தால் ரோசம்மாள் டீச்சர் அம்மாவைத் தனியே நிறுத்தி, கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

23-2-86, ஞாயிறு, வீடு

அப்பா நேற்று பஸ்ஸில் ஆரம்பித்தது, இன்று பூசை முடிந்து வந்தும் நிற்கவில்லை. "எம் பொண்ணு எந்தப் பக்கம் கையத் தூக்குதோ, அந்தப் பக்கமே அத்தனை புள்ளைங்களும் தூக்குதுங்க!" நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

மதியம் அம்மா களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். கடிதத்தில் எழுதியது ஞாபகம் வந்து, வலது கையால் களியைப் பிட்டேன். பிட்டது பாதி, சிந்தியது பாதி.

அம்மா எழுந்து வந்தாள். இடப்பக்கம் இருந்த சொம்பை எடுத்து என் வலப்பக்கம் வைத்தாள்.

"ஒழுங்காத் தின்னு" என்றாள்.

இரண்டு உருண்டை தின்றேன்.